ஆத்து மணல்ல வச்சுக் கொடுக்குற சீர்

சமயபுரத்து மாரிக்கு அண்ணன் ஒருத்தர் உண்டு. திருவரங்கத்தில் படுத்திருக்கிற ரெங்கநாதர்தான் அந்த அண்ணன். வருசத்துக்கு ஒரு தடவை, தைப்பூசத்தன்று, அண்ணன் வீட்டிலிருந்து தங்கச்சிக்குச் சீர் வருகிறது. பட்டுப்புடவை, மாலை, மஞ்சள், குங்குமம், பழம் என்று தட்டுத்தட்டாக அடுக்கி மேளதாளத்தோடு எடுத்து வருவார்கள். இதில் கவனிக்க வேண்டியது, கொடுக்கிற இடம். சீர் சமயபுரத்துக்குப் போவதில்லை. தங்கச்சியும் திருவரங்கத்துக்குள் வருவதில்லை. அவள் பல்லக்கில் ஏறி, வழியில் ஊர் ஊராக நின்று, கொள்ளிடத்தின் வடகரைக்கு வந்து தீர்த்தவாரி முடித்துக் காத்திருக்கிறாள். ஆற்றுக்குத் தென்புறம் அண்ணன் வீடு. 236 அடி உயர ராஜகோபுரம் அங்கே நின்றாலே தெரியும். தட்டுகள் மட்டும் ஆற்றைத் தாண்டி வருகின்றன. வாங்கிக்கொண்டு அவள் திரும்பிப் போகிறாள்.

சனங்கள் கண் கலங்கப் பார்க்கிற காட்சி இது. நம் நண்பர்களிலேயே சிலர், பெருந்தெய்வமும் நாட்டார் தெய்வமும் உறவாகிக்கொண்டதற்கு நல்ல உதாரணம் என்று இதைக் கூட்டங்களில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உறவுதான், மறுக்கவில்லை. ஆனால் அண்ணன் வீடு கூப்பிடு தூரத்தில் இருக்க, தங்கச்சி ஏன் ஆற்றங்கரையில் நின்று சீர் வாங்குகிறாள்?

தலபுராணம் இதற்குப் பதில் வைத்திருக்கிறது. அவள் முதலில் திருவரங்கத்துக்குள்ளேதான் இருந்தாளாம். வைஷ்ணவி என்று பேராம். கோரைப் பல்லும் சிவந்த கண்ணுமாய் உக்கிரமாக இருந்ததால் ஜீயர் ஒருவர் வெளியே கொண்டுபோகச் சொல்லிவிட்டாராம். வடக்கே தூக்கிக்கொண்டு போன ஆட்கள் வழியில் இறக்கி வைத்து இளைப்பாறிய இடம் இனாம் சமயபுரம். பிறகு கண்ணனூரில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்துவிட்டார்கள். (தூக்கிப் போனவர்கள் என்ன சாதி, என்ன பேர் என்று புராணத்தில் கிடையாது. சுமக்கிற ஆட்களுக்குப் புராணத்தில் பேர் வைக்கிற வழக்கம் இல்லை.) கண்ணனூர் லேசுப்பட்ட ஊரில்லை. 13ஆம் நூற்றாண்டில் ஹொய்சள ராஜா வீரசோமேசுவரன் அதைத் தலைநகராக வைத்துக்கொண்டு சிவனுக்குக் கோயில் கட்டினான். அந்தக் கோயில் இன்றும் இருக்கிறது, தேடிப்போனால் பார்க்கலாம். கூட்டமெல்லாம் வெளியே தள்ளப்பட்டவளிடம்தான். பழனிக்கு அடுத்தபடி தமிழ்நாட்டில் வருமானம் உள்ள கோயில் இது என்பார்கள்.

அவளை வெளியேற்றியதற்கான காரணம் அவளிடமே இருந்ததாகச் சொல்லப்படுகிறது, அவள் பார்வை சரியில்லை என்று. எனக்குப் பழக்கமான குரல் இது. நம்மை ஊருக்கு வெளியே வைத்ததற்கும் காரணம் நம்மிடமே இருப்பதாகத்தான் சொன்னார்கள். கறி தின்கிறான், பிணம் சுடுகிறான், குளிப்பதில்லை. தள்ளினவனுடைய பார்வையைப் பற்றி எந்தத் தலத்திலும் புராணம் எழுதப்படவில்லை.

புராணத்தை விடுவோம். நான் கேட்க வந்தது அறம் பற்றிய ஒரு கேள்வி. ஒருத்தியை வெளியே தள்ளியாகிவிட்டது. திரும்ப உள்ளே கூப்பிடுகிற யோசனை கிடையாது. அதற்குப் பதிலாக வருசா வருசம் மரியாதை செய்கிறார்கள். அந்த மரியாதையை அவள் வாங்கிக்கொள்ளலாமா? வாங்கினால் தள்ளினது சரி என்று ஆகிவிடுமா?

சீர் என்றால் என்ன என்பது பெண்களுக்குத் தெரியும். தமிழ்க் குடும்பத்தில் அண்ணன் தம்பி சீர் செய்வது பாசத்தினால்தான், ஆனால் பாசத்தினால் மட்டும் இல்லை. நிலமும் வீடும் ஆண்பிள்ளைகளுக்குப் போகிறது, பெண்ணுக்குப் போவது பொங்கல்சீர், தாய்மாமன் சீர், காதுகுத்துக்குச் சீர். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனோடு சமபங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989இல்தான். அதுவும் அதற்கு முன்பே கல்யாணமானவளுக்கு இல்லை என்று ஒரு கட்டு வைத்து. இந்தியா முழுவதற்குமாக 2005இல் திருத்தினார்கள். சட்டம் வந்தபிறகு என்ன நடந்தது என்றால், சார்பதிவாளர் ஆபீசில் ஒரு பத்திரம் அதிகமாகப் பதிவாக ஆரம்பித்தது. எனக்கு இந்தச் சொத்தில் பாத்தியதை எதுவும் வேண்டாம் என்று அக்கா தங்கச்சிகள் எழுதிக் கொடுக்கிற பத்திரம். அதன் பேரைப் பாருங்கள்: விடுதலைப் பத்திரம். தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு விடுதலை என்ற சொல்லை இத்தனை குரூரமாக யாரும் பயன்படுத்திப் பார்த்த ஞாபகமில்லை. கையெழுத்துப் போட மாட்டேன் என்கிற பெண்ணிடம் முதலில் சொல்லப்படுகிற வார்த்தை என்ன? "அப்ப இனிமே சீரு செனத்தின்னு இந்த வாசப்படி மிதிக்காத." சீரும் பங்கும் ஒன்றுக்கொன்று மாற்று என்பதை ஊர்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் தெருவில் இந்தச் சண்டை குறைவு. பங்கு கேட்பதற்குச் சொத்து இருந்தால்தானே சண்டை வர? எனக்கு அண்ணன் கொண்டு வருகிற பொங்கல்சீரில் கரும்பும் பச்சரிசியும் பாசமும் மட்டும்தான் இருக்கிறது, எந்தப் பத்திரமும் பின்னால் ஒளிந்திருக்கவில்லை. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சீரே கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. எதை மறைப்பதற்குச் சீர் வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சமயபுரத்துக்கு நான் நாலைந்து தடவை போயிருக்கிறேன். சாமி கும்பிட என்று சொல்ல முடியாது. அப்பாயிக்குத் துணையாக, பிறகு கூட்ட வேலைகளுக்காகத் திருச்சி வந்த இடத்தில் சும்மா. செவ்வாய், வெள்ளி, ஞாயிறு இல்லாத ஒரு நாளில் பன்னிரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தால் அந்த ஊரை நம்ப முடியாது. மொட்டையடிக்கிற இடத்தில் ஆள் இருக்காது. பூக்கடைக்காரம்மா தூங்கிக்கொண்டிருப்பாள். வேப்பிலை வாடிக் கிடக்கும். அங்கிருந்து கொள்ளிடத்துக்கு வந்து பாலத்துக்குக் கீழே இறங்கினால், தண்ணி இல்லாத மாசத்தில் கடற்கரை மாதிரிதான் இருக்கும். அவ்வளவு அகலம், அவ்வளவு வெள்ளை மணல். லாரி போய் வந்த தடம் மட்டும் அங்கங்கே.

கூட்ட நாளில் வேறு ஊர். மஞ்சத் துணியும் தீச்சட்டியுமாக ராத்திரி முழுக்க நடந்து வருகிற சனங்களில் பாதிக்கு மேல் நம்ம சனங்கள் என்று சொன்னால் மிகையில்லை. முன்னால் பறை போகும். அந்த வரிசையில் நிற்கும்போது நான் ஒன்றைப் பார்த்தேன். யாரும் யாரையும் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்பதில்லை. எங்கள் ஊரில் ஊர்த்தெரு மாரியம்மன் கோயில் வாசலுக்கு நாங்கள் போனதில்லை. தேர் எங்கள் தெருவுக்கு வந்ததில்லை. அதே தெருக்காரர்கள் சமயபுரம் வரிசையில் எனக்கு முன்னாலும் பின்னாலும் நின்று, வியர்வை ஒட்ட இடித்துக்கொண்டு, அதே மாரியைப் பார்க்கிறார்கள். ஒருத்தர் அப்பாயியிடம் தண்ணி வாங்கிக் குடித்தார். ஊரில் குடிப்பாரா?

முதலில் இது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. க்ஷேத்திரம் என்றால் இதுதானே, சாதியிலிருந்து ஒரு நாள் லீவு. அப்புறம் யோசிக்க யோசிக்கக் கசந்தது. அங்கே கிடைத்தது சமத்துவமா, இல்லை எங்களை அடையாளம் தெரியாததா? தண்ணி வாங்கியவருக்கு அப்பாயி யார் என்று தெரிந்திருந்தால் வாங்கியிருப்பாரா? சமயபுரத்துக்குள் எங்களை விட்டது நாங்கள் யார் என்று தெரியாததால்தான் என்றால், நாங்கள் போகவில்லை, எங்களைக் கழித்துவிட்டு மிச்சம் ஏதோ போயிருக்கிறது. மறைந்தால் உள்ளே போகலாம். தெரிந்தால் மணலில் நிற்க வேண்டும்.

இதை நினைக்கும்போது இதே ஆற்றின் இன்னொரு கரையில் நின்ற ஆள் ஞாபகத்துக்கு வருகிறார். கொள்ளிடக்கரை தங்கச்சிக்கு என்றால், தெற்கே காவிரியின் தென்கரை திருப்பாணாழ்வாருக்கு. உறையூர்க்காரர். பாணர் குலம். குருபரம்பரைக் கதைகள் அவரைப் பஞ்சமர் என்றே சொல்கின்றன, ஆனால் ஒரு சின்ன ஜாக்கிரதையோடு. அவர் பாணர் வயிற்றில் பிறக்கவில்லையாம், நெல்வயலில் கிடந்த குழந்தையைப் பாணர் எடுத்து வளர்த்தார்களாம். வளர்ப்பு நம்மது, பிறப்பு அவர்களுடையது. நம்மிலிருந்து ஒருவரை எடுத்துக்கொள்ளும்போது முதலில் தாயை மாற்றுகிறார்கள்.

திருவரங்கத் தீவில் கால் வைக்கக் கூடாது என்று அவர் அக்கரையிலேயே நின்று பாடிக்கொண்டிருந்தார். பெருமாளுக்குத் தீர்த்தம் எடுக்க வந்த லோகசாரங்கர் விலகச் சொன்னார். பாட்டில் இருந்தவருக்குக் காது கேட்கவில்லை. கல்லால் அடித்தார். ரத்தம் வந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் பெருமாள் நெற்றியிலும் ரத்தம். பாணரைத் தோளில் தூக்கிக்கொண்டு வா என்று பெருமாள் உத்தரவு போட, அடித்தவரே தூக்கி வந்தார். பாணர் பத்துப் பாசுரம் பாடினார், பாடி முடித்துப் பெருமாளுக்குள் மறைந்துபோனார். 'அமலனாதிபிரான்' என்கிற அந்தப் பத்துக்கு வேதாந்த தேசிகர் வியாக்கியானமே எழுதியிருக்கிறார். கார்த்திகை மாச ரோகிணி அவர் நட்சத்திரம்.

பக்தி இலக்கிய வகுப்பில் இதைச் சமத்துவத்துக்கு ஆதாரமாகத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். நான் அப்போது கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. பாணர் திரும்பி உறையூருக்கு வந்தாரா? மறுநாள் காலையில் தோளிலிருந்து இறங்கி, அதே தெருவில் நடந்து, பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இன்னொரு தடவை உள்ளே போனாரா? கதை அந்த வேலையை வைத்துக்கொள்ளவில்லை. மறைத்துவிட்டது. தில்லையில் நந்தனாரை நெருப்பில் இறக்கி, பூணூல் போட்ட உருவமாக எழுப்பி, அவரையும் மறைத்தது. அரங்கத்தில் இன்னொருத்தியும் உண்டு, துலுக்க நாச்சியார். பெருமாளைத் தேடி டில்லியிலிருந்து வந்தவள். அவளும் கலந்துவிட்டாள். இப்போது சுவரில் சித்திரமாக இருக்கிறாள், அவளுக்காகப் பெருமாளுக்குக் காலையில் ரொட்டி நைவேத்தியம். வெளியாளுக்கு உள்ளே இடம் உண்டு, ஆளாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். என் வாசிப்பில் பாணருடைய மறைவுதான் அந்த விடுதலைப் பத்திரம். பத்துப் பாசுரத்தையும் கோயில் வைத்துக்கொண்டது. பாணர் தெரு பாத்தியதை கோர ஆள் இல்லாமல் போயிற்று.

ஐதராபாத் ஜியாகுடாவில் ரங்கநாதர் கோயில் இருக்கிறது. 2018 ஏப்ரலில் சில்கூர் பாலாஜி கோயில் அர்ச்சகர் ஒரு தலித் இளைஞரைத் தோளில் சுமந்துகொண்டு அந்தக் கோயிலுக்குள் போனார். முனிவாகன சேவை என்று பேர். பாணர் கதையைத் திரும்ப நடத்திக் காட்டினார்கள். அந்த அர்ச்சகரின் மனசை நான் சந்தேகப்படவில்லை, எத்தனையோ பேர் அதைக்கூடச் செய்வதில்லை. ஆனாலும் போட்டோவைப் பார்த்தபோது தோன்றியது இதுதான்: அந்தப் பையனுக்குக் கால் இருக்கிறதே, ஏன் நடந்து போகவில்லை?

சீர் வேறு பங்கு வேறு என்று கணக்கைப் பிரித்துப் பார்த்தவர் அம்பேத்கர். 1930 மார்ச்சில் நாசிக் காலாராம் கோயில் வாசலில் சத்தியாக்கிரகம் தொடங்கியவர் அவர், கோயில் நுழைவு அவருக்குப் புதிய விஷயம் இல்லை. ஆனால் 1932 செப்டம்பர் 24 புனா ஒப்பந்தத்தில் தனித்தொகுதி பறிபோனது. மாகாண சபைகளில் ஒதுக்கிய இடங்கள் 148 ஆகக் கூடின, அதில் யார் உட்காருவது என்று முடிவு செய்கிற ஓட்டு எல்லோரிடமும் போய்விட்டது. அதன் கையோடு கோயில் கதவைத் திறக்கிற இயக்கம் ஊரெல்லாம் கிளம்பியது. சட்டசபையில் மசோதா வந்தது. ரங்க ஐயரின் மசோதாவை ஆதரிக்கும்படி கேட்டபோது, 1933 பிப்ரவரியில் அம்பேத்கர் கொடுத்த அறிக்கையை இன்றைய மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். கோயிலைத் திறப்பதும் திறக்காததும் உங்கள் பிரச்சினை, எங்களுக்கு வேண்டியது கல்வி, வேலை, பிழைப்பு, சமமான மதிப்பு என்கிற ரீதியில் போகும் அது. நாய்களுக்கும் இந்தியர்களுக்கும் அனுமதி இல்லை என்று போர்டு வைத்திருந்த வெள்ளைக்காரன் கிளப்போடு கோயிலை ஒப்பிடுவார். மனுசன் சீர்த்தட்டைத் தூக்கிப் பார்த்து அடியில் பத்திரம் இருக்கிறதா என்று தேடினார்.

பழைய கதை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. சமயபுரத்திலிருந்து ரொம்பத் தூரமில்லை புதுக்கோட்டை வேங்கைவயல். 2022 டிசம்பர் 26ஆம் தேதி, சேரி மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருப்பது தெரிந்தது, பிள்ளைகளுக்கு உடம்புக்கு வந்த பிறகு. மறுநாள் கலெக்டரும் எஸ்.பி.யும் போனார்கள். சனங்கள் தண்ணீரைப் பற்றிச் சொன்னார்கள், அதோடு இறையூர் அய்யனார் கோயிலுக்குள் விடுவதில்லை என்றும், டீக்கடையில் இரட்டைக் குவளை என்றும் சொன்னார்கள். கலெக்டர் அன்றைக்கே அவர்களைக் கோயிலுக்குள் கூட்டிக்கொண்டு போனார். செய்ய வேண்டிய காரியம், துணிச்சலான காரியம், கலெக்டரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மலம் கலந்தவன் யார் என்ற கேள்வி? அது சி.பி.சி.ஐ.டி.க்குப் போய், இரண்டு வருசம் கழித்து 2025 ஜனவரியில், அந்தச் சேரி ஆட்கள் மூன்று பேர் மீதே குற்றப்பத்திரிகையாகத் திரும்பி வந்தது. சனங்களும் இயக்கங்களும் இதை ஏற்கவில்லை. நான் நினைத்துப் பார்க்கிறேன். கோயில் கதவு ஒரே நாளில் திறந்தது. தண்ணீர்த் தொட்டியின் நியாயம் ஏன் திறக்கவில்லை? அய்யனாரைப் பார்க்க விடுவதில் யாருடைய கையிலிருந்தும் எதுவும் போகவில்லை.

இந்த இடத்தில் இரண்டு பக்கமிருந்தும் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். ஒரு நண்பர் சொல்வார்: மாரி நம்மவள், அவளிடத்தில் நமக்கு யார் அனுமதி கொடுப்பது? ரேணுகா கதையை எடுப்பார். பரசுராமன் தாயை வெட்டத் துரத்தியபோது அவள் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டது பறைச்சி ஒருத்தியை. இரண்டு தலையும் சேர்ந்து விழுந்தன. உயிர் கொடுக்கிறபோது தலை மாறிப்போயிற்று. மாரிக்குத் தலை மேல்சாதி, உடம்பு சேரி. அயோத்திதாசர் இன்னொரு வழியில் போய், மாரியை வேப்பிலையால் அம்மை தீர்த்த பௌத்தத் துறவிப் பெண் அம்பிகையாக வாசித்தார். 1999இல் ஞான. அலாய்சியஸ் பதிப்பித்த தொகுதிகள் வந்த பிறகு நம்மில் பலர் இதைப் படித்துக் கிறங்கிப்போனோம். எனக்கும் இந்த வாசிப்புகள் பிடிக்கும். ஆனால் உடம்பு நம்முடையது என்று கதையில் இருப்பதால் என்ன வந்தது? அடைக்கலம் கொடுத்ததற்காக வெட்டுப்பட்டவளுடைய பேர் எந்தக் கதையிலும் இல்லை. சமயபுரத்தில் கருவறைப் பூசை குருக்களிடம். பறை வாசலில் நின்றுவிடுகிறது. மூலம் நம்முடையது என்று நிரூபித்துவிட்டால் உரிமை தானாக வரும் என்பது படித்தவர்கள் ஆசை. தாய்ப்பத்திரம் கையில் இருந்தும் நிலம் இல்லாதவர்கள் நாம். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்கீர் அறிக்கை எழுதினார், 1892இல் அரசாங்கம் பஞ்சமி நிலம் என்று ஒதுக்கியது, 12 லட்சம் ஏக்கர் என்பது நாம் கூட்டந்தோறும் சொல்கிற கணக்கு. பத்திரத்தில் இருந்த நிலத்தைக் கேட்டுத்தான் 1994 அக்டோபர் 10 அன்று காரணையில் ஜான் தாமசும் ஏழுமலையும் சுடப்பட்டுச் செத்தார்கள். அம்பேத்கருக்கு மணிமண்டபம், சிலை, தபால்தலை என்று சீர் வரிசையில் நம் அரசாங்கங்கள் குறை வைத்ததில்லை. காரணையில் கேட்டது பங்கு.

உலகம் முழுக்க இதே கதைதான். அமெரிக்காவில் அடிமைத்தனம் ஒழிகிற சமயம், 1865 ஜனவரியில், ஜெனரல் ஷெர்மன் விடுதலையான கறுப்பர் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வீதம் நிலம் என்று உத்தரவு போட்டார். அந்த வருசம் முடிவதற்குள் ஜனாதிபதி ஜான்சன் நிலத்தைப் பழைய எஜமானர்களுக்கே திருப்பினார். ஆஸ்திரேலியாவில் 2008 பிப்ரவரி 13 அன்று, பூர்வகுடிகளிடமிருந்து பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போனதற்காகப் பிரதமர் பார்லிமெண்டிலேயே மன்னிப்புக் கேட்டார். எல்லோரும் அழுதார்கள். நஷ்டஈடு கிடையாது என்பதை அரசாங்கம் முன்கூட்டியே சொல்லியிருந்தது.

இன்னொரு நண்பர் பெரியார் வழி. கோயிலே வேண்டாம் என்கிறபோது சீரென்ன பங்கென்ன, உன் சனங்களை அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள் என்பார். நானே கும்பிடாதவள்தான். ஆனால் போகாமல் இருப்பது என்பது போக முடிந்தவன் செய்கிற காரியம். கதவு சாத்தியிருக்கும்போது நான் வரமாட்டேன் என்று தெருவில் நின்று சொன்னால் உள்ளே இருக்கிறவன் சிரிப்பான். அப்பாயியிடம் இந்த வாதத்தை எடுத்துக்கொண்டு போக எனக்கு வாயும் இல்லை. பெரியம்மை இந்தியாவில் 1975இல் கடைசியாகப் போயிற்று, தடுப்பூசி போட்டு ஒழித்தார்கள், மாரி ஒழிக்கவில்லை என்று நான் அவளிடம் ஒரு தடவை சொன்னேன். "ஊசி போட வந்தவனை ஊருக்குள்ள விட்டது யாரு, ஆத்தாதான்" என்று முடித்துவிட்டாள்.

அப்பாயிக்கு மாரியிடம் பிடித்தது பச்சைப்பட்டினி. மாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பூச்சொரிதலில் தொடங்கி 28 நாள், சனங்களுக்காக அம்மனே விரதம் இருக்கிறாள். சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, இளநீர், பானகம், நீர்மோர் மட்டும். மற்ற சாமிக்கெல்லாம் நாம் பட்டினி கிடக்க வேண்டும், இவள் நமக்காகக் கிடக்கிறாள் என்பது அப்பாயியின் தத்துவம். "நம்ம பட்டினியில எளநீ ஏது" என்று அவளே சிரிக்கவும் செய்வாள். ஆனால் கிண்டலைத் தாண்டி அதில் ஒரு நியாயம் இருக்கிறது. படுத்துக்கொண்டு சீர் அனுப்புகிறவனுக்கும், கூடவே பட்டினி கிடக்கிறவளுக்கும் வித்தியாசம் தெரிந்த சனங்கள் இவர்கள்.

தைப்பூசச் சீரைப் பற்றியும் அவளிடம் கேட்டேன். அவள் கேட்டது வேறு: "தட்டு அனுப்புனாரு சரி. அவரு ஏன் வரல?" எனக்கு அதுவரை தோன்றவில்லை. ரெங்கநாதர் எங்கேயும் போகாதவர் இல்லையே. பங்குனி உற்சவத்தில் நம்பெருமாள் காவிரியைத் தாண்டி உறையூருக்கே போய்க் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி சேவை தருகிறார். அவள் சோழராஜா மகள். அதே உறையூர்ப் பாணரை ஆள் அனுப்பித்தான் தூக்கிவரச் சொன்னார். அண்ணன் யார் வீட்டுக்குத் தானே போகிறார், யாருக்குத் தட்டு அனுப்புகிறார், யாரை மறைத்து எடுத்துக்கொள்கிறார் என்று வரிசை போட்டுப் பார்த்தால் திருவரங்கத்தின் ஏழு பிராகாரமும் விளங்கிவிடும்.

என் பக்கத்தை நான் சொல்லிவிட வேண்டும். சீரை வாங்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். மரியாதையே கிடைக்காமல் கிடந்த சனத்திடம் மரியாதையைத் தூக்கியெறி என்று சொல்ல, வயிறு நிறைந்தவர்களால்தான் முடியும். பரிவட்டம் கட்டினால் கட்டிக்கொள்ளட்டும். மேடையில் துண்டு போட்டால் வாங்கிக்கொள்ளட்டும். கையெழுத்து மட்டும் போடக் கூடாது. வாங்கியது எதற்குப் பதிலும் இல்லை என்பதைக் கொடுக்கிறவன் முகத்துக்கு நேராகச் சொல்லத் தெரிய வேண்டும். இது சொல்லச் சுலபம். திருவரங்கம் ராஜகோபுரம் 1987இல் கட்டி முடிந்தபோது அதில் ஒரு நிலை இளையராஜாவின் பணத்தில் எழுந்தது. அந்த மனிதர் 2024 டிசம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் அர்த்தமண்டபத்துக்குள் கால் வைத்தபோது, வெளியே நிற்கச் சொன்னார்கள். படிக்கு வெளியே நின்று மரியாதையை வாங்கிக்கொண்டார். அர்ச்சகர், ஜீயர் தவிர யாருக்கும் அங்கே அனுமதி இல்லை, இது எல்லோருக்கும் பொது விதி என்று அறநிலையத்துறை விளக்கம் கொடுத்தது. வதந்தி பரப்புகிறார்கள், சுயமரியாதையை விட்டுக்கொடுக்கிறவன் நானல்ல என்று அவரும் சொல்லிவிட்டார். அவர் சொன்னதை நான் மதிக்கிறேன், அவருக்காக நான் கோபப்பட வேண்டியதில்லை. என் சந்தேகம் அந்தப் பொது விதி மேல். எல்லோருக்கும் பொது என்கிறார்கள். அர்ச்சகராகிற வழி எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறதா?

அந்த வழிக்காக நடந்ததைப் பார்த்தால் பங்கு எவ்வளவு மெதுவாக வருகிறது என்பது தெரியும். வாரிசு அர்ச்சகர் முறையை ஒழித்துச் சட்டசபையில் சட்டம் நிறைவேறியது 1970இல். 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்சநீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது, ஆகமத்தைத் தொடாதே என்றும் சேர்த்துச் சொன்னது. 2006இல் மறுபடி அரசாணை, பயிற்சிப் பள்ளிகள், மறுபடி வழக்கு. படித்து முடித்த பிள்ளைகள் வருசக்கணக்கில் வேலையில்லாமல் கிடந்தார்கள். 2021 ஆகஸ்ட் 14இல்தான் பல சாதிகளையும் சேர்ந்த பயிற்சி பெற்றவர்கள் ஓரளவு எண்ணிக்கையில் நியமன உத்தரவு வாங்கினார்கள். திருச்சிக்குப் பக்கத்தில் குமாரவயலூர் முருகன் கோயிலில் பார்ப்பனரல்லாத இரண்டு பேர் நியமனத்தை 2023இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ரத்து செய்து தீர்ப்பளித்தது. ஐம்பது வருசத்துக்கு மேல் ஆகிறது. தைப்பூசச் சீர் இத்தனை வருசத்தில் வழக்குக்குப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அதே 2023இல், செப்டம்பர் மாசம், திருவரங்கத்தில் நடக்கிற வைணவ அர்ச்சகர் பயிற்சிப் பள்ளியில் மூன்று பெண்கள் படித்து முடித்துச் சான்றிதழ் வாங்கினார்கள். பேப்பரில் போட்டோ வந்தது. கண்ணு சரியில்லை என்று ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே வைத்த தீவு அது. சான்றிதழ் வாங்கின கையோடு அவர்களுக்கும் நிறைய வாழ்த்து, நிறையப் பேட்டி, நிறையச் சால்வை. எந்தக் கோயில், எந்தச் சன்னதி, மாசம் என்ன சம்பளம் என்று போட்ட உத்தரவைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.